முழங்கால் உயர மண்

நூலகத்து முற்றத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்துக்கு என்ன வயதென்று யாருக்கும் தெரியாது. சில வருடங்களாகவே இலை விடுவதென்றால் அதற்கு அப்படியொரு சோம்பல். மழைக்காலம் முடிவதற்குள் துளிர்க்காவிட்டால் வெட்டிவிடுவதாக நகராட்சிப் பொறியாளர் சொல்லிவிட்டுப் போனார். பதறிப்போன நூலகர் தன் தங்கைக்குப் போன் போட்டாள். பட்டுப்போகிற கிழட்டு மரங்களைப் பிழைக்க வைப்பதுதான் தங்கையின் தொழில். வீட்டில் அவளுக்கு மர டாக்டர் என்றே பெயர்.

டாக்டர் வந்து பார்த்தாள். அடிமரத்தைச் சுற்றி வட்டச் சுவர், அதற்குள் முழங்கால் உயரத்துக்கு மண், மண்மேல் பூச்செடிகள். கொஞ்சம் தோண்டியதுமே பட்டை சொதசொதவென்று கையோடு வந்தது. வருடா வருடம் ஆசை ஆசையாய் மண் கொட்டி, மரத்துக்கு மூச்சுமுட்ட வைத்தது வேறு யாருமில்லை, சாட்சாத் அக்காவேதான்.

"என்னடி ஆச்சு அதுக்கு?"

"பூச்சிக்கா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

மண்ணை அள்ளி வெளியே கொட்டி, வேர் பிரியும் இடம் தெரியும்படி விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் வந்தால் மண் பழையபடி ஏறியிருந்தது.

"பாவம்டி, அம்மணமா நிக்கிற மாதிரி இருந்துச்சு. நான்தான் மூடினேன்."

இதற்குமேல் மழுப்பினால் மரம் போய்விடும்.

"அக்கா, பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போட்ட மண்ணுதான் அதைக் கொல்லுது."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்றே தங்கை நினைத்தாள். போனவள் கடப்பாரையோடு திரும்பி வந்தாள். தான் கட்டிய சுவரைத் தானே முடிந்தமட்டும் இடித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நேத்தே சொல்றதுக்கு என்னடி கேடு? ஒரு நாள் மூச்சு வீணாப் போச்சுல்ல?"

அழுகிய பட்டையைச் சுரண்டினார்கள், காய்ந்த கிளைகளைக் கழித்தார்கள், காத்திருந்தார்கள். மழை ஓயும் சமயத்தில் ஒரு தாழ்ந்த கிளையில் துளிர் வந்தது. காலையில் விரிந்து, பொழுது சாய்ந்ததும் மடிந்துகொண்டது. சகோதரிகளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தி நேரம் பார்த்துப் பொறியாளர் கோடாலி, கடப்பாரை சகிதம் ஆட்களோடு வந்தார். மடிந்த இலைகளை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வந்ததும் வாடிப்போச்சே! இன்னும் என்னம்மா பாக்குறீங்க?" என்று உரக்கக் கேட்டார்.

வாசிப்பறையில் அதட்டிப் பழகிய விரல் அக்காவின் உதட்டுக்குப் போயிற்று.

"ஷ்! மெதுவாப் பேசுங்க சார். தூங்குது."

பொறியாளர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார்.

"எப்போ எந்திரிக்கும்?"

"காலைல வாங்க" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கடப்பாரைய மட்டும் வச்சுட்டுப் போங்க. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சுவர் பாக்கி இருக்கு."