நம்பர் பிளேட் வைத்த படகு

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கும் அந்த ஏரி, பத்தொன்பது வருஷம் கழித்து இந்த ஐப்பசியில்தான் நிரம்பியது. ஊரே திரண்டு போய்க் கற்பூரம் காட்டியது, கெடா வெட்டியது, தண்ணீர் பின்னால் தெரியும்படி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. பழனியம்மாள் மட்டும் கரையில் நின்று, "நாசமாப் போச்சு போ" என்றாள். பக்கத்தில் இருந்த பஞ்சாயத்து மெம்பர் காதில் விழாத மாதிரி நகர்ந்துகொண்டார்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய தங்கை கந்தம்மாள் ஏரிக்கு அந்தப் பக்கம், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டது. வறண்ட ஏரிக்குள் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு தடம் உண்டு. பத்து நிமிஷ நடை. காலையும் சாயங்காலமும் பழனியம்மாள் தூக்குப்போசியோடு அதில் நடந்து போய்ச் சோறு ஊட்டிவிட்டு, தலை சீவிவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வருவாள். இப்போது தடம் பன்னிரண்டடித் தண்ணீருக்குள் கிடந்தது. ரோட்டில் சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர். புருஷன் தீர்த்தகிரியின் மொபெட்டில் ஒரு வாரம் போய் வந்தாள். எட்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மொபெட் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் அந்தப் பக்கம் போகிற வண்டி ஏதாவது கிடைத்த நாளில்தான் போனாள்.

அக்கா வீட்டிலேயே வந்து இருந்துகொள்ளலாமே என்றால், கந்தம்மாள் அதற்கு மட்டும் மசியமாட்டாள். "அக்கா ஊட்டுக்கு விருந்தாடியா வருவேன். மாமன் சம்பாரிச்ச ஊட்டுல போயிக் குடியிருந்து உக்காந்து திங்கமாட்டேன். நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்பாள். அந்த நாலு பேர் யார் என்று பழனியம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கிடையில் கந்தம்மாளின் மகன் யோகேஷ் ஓசூரிலிருந்து போன் செய்தான். நல்ல பையன்தான். கம்பெனியில் ஷிப்ட் வேலை, மூணாவது மாடியில் வீடு, பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறாள். "பெரியம்மா, ஒரு நாளைக்கு வாரீங்க, ஒரு நாளைக்கு வல்லீங்க. அம்மா பட்டினி கெடக்குது. ஞாயித்துக்கெழம வாரேன். தெனமும் நீங்க போக ஒரு வழி இருந்தாப் பாருங்க, இல்லீன்னா அம்மாவ இங்கயே கூட்டிக்கிட்டு வந்தர்றேன்" என்றான். மூணாவது மாடியில் பகல் முழுக்கப் பூட்டின வீட்டுக்குள் தங்கை கிடப்பதை நினைத்துப் பார்க்கவே பழனியம்மாளுக்கு மனசு வரவில்லை. இருப்பது ஒரே ஒரு தங்கை. ஓசூருக்குப் போய்விட்டால் அப்புறம் செத்தால்தான் முகத்தில் முழிக்க முடியும்.

"கவலைப்படாத புள்ள. ஒரு போட்டு வாங்கிப்புடலாம்" என்றார் தீர்த்தகிரி.

அவர் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ப் போர்க்கிணறு போட்டவர். படகை டிவியில் பார்த்திருக்கிறார். ஆனால் வண்டி வாங்குவது என்றால் அவருக்கு ஒரே இடம்தான்: சேலம் கரீம் பாஷா. வீடு ஃபேர்லேண்ட்ஸில், யார்டு ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில். பழைய லாரி, பழைய ரிக், பழைய டிப்பர். தீர்த்தகிரி ஓட்டிய ரெண்டு ரிக்கும் அங்கே வாங்கியவைதான். அதிர்ஷ்டம் பாருங்கள், டிப்பருக்கு எக்ஸ்சேஞ்சாகக் கேரளா பார்ட்டி ஒருவர் தள்ளிவிட்டுப் போன பைபர் போட் ஒன்று ஏழு மாதமாக அங்கே வேப்பமரத்தடியில் கிடந்தது.

தீர்த்தகிரி முறைப்படி பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். சேஸிஸ் இல்லை. டயரை உதைத்துப் பார்க்க டயர் இல்லை. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் புகையின் நிறத்தைப் பார்த்தார், திருப்தியாக இருந்தது.

"ஏனுங்க பாய், தண்ணியில உட்டுப் பாத்தீங்களா?"

"நம்ம யார்டுல குடிக்கவே தண்ணி லாரிதான் வருது தீர்த்தகிரியண்ணே. இஞ்சினப் பாருங்க. சிங்கிள் ஓனர்" என்றார் கரீம் பாஷா. அவருக்கும் படகு பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பழைய கஸ்டமர் என்ற மரியாதைக்கு, சொந்தச் செலவில் பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்பி ஜோராக முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார்.

சொன்ன மாதிரியே முடித்துக் கொடுத்தார். மூணாம் நாள் மினி லாரியில் வந்து இறங்கிய படகைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. மஞ்சளும் சிவப்பும் பெயிண்டு. முன்னால் 'பழனியம்மாள்' என்று கொட்டை எழுத்து. இரண்டு பக்கமும் தாமரை. பின்னால் 'ஒலி எழுப்புக', அதற்குக் கீழே இடமும் வலமும் குஞ்சம் வைத்த ரப்பர் மட்கார்டு, நடுவில் நம்பர் பிளேட். படகுக்கு நம்பர் இல்லாததால் பட்டறைக்காரன் தீர்த்தகிரியின் செல்போன் நம்பரை எழுதியிருந்தான்.

"நம்பர் பிளேட் எதுக்குங்க?" என்று பழனியம்மாள் கேட்டாள்.

"பின்னால வாரவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் தீர்த்தகிரி.

சனிக்கிழமை காலை பூசை போட்டார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வழியில்லாததால் படகுக்கு அடியில் வைத்து நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். படகு தண்ணீரில் இறங்கி அழகாக மிதந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஏறி உட்கார்ந்தார்கள். பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது. இஞ்சின் கிளம்பியது.

கால்வாசி தூரம் போவதற்குள் பழனியம்மாளின் பாதம் நனைந்தது. தூக்குப்போசியில் மோர் சிந்திவிட்டது என்று நினைத்து மூடியை இறுக்கினாள். கணுக்கால் நனைந்தபோது, நான் இவ்வளவு மோர் ஊற்றவில்லையே என்று யோசித்தாள்.

"ஏனுங்க, வண்டிக்குள்ள தண்ணி வருதுங்க."

"ஏரின்னா தண்ணி இருக்கத்தான் செய்யும்" என்றார் தீர்த்தகிரி, திரும்பிப் பாராமல்.

"அட, திரும்பிப் பாருங்க! உங்க குண்டிக்கு வந்துருச்சு!"

பார்த்தார். படகைத் திருப்பினார். அவள் தூக்குப்போசி மூடியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தாள். கரை வந்து சேர்வதற்குள் அவருடைய குலத்தில் ஏழு தலைமுறையைக் கேள்வி கேட்டு முடித்திருந்தாள்.

மத்தியானமே கரீம் பாஷா காரில் வந்து இறங்கினார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. வித்துவிட்டோம் என்று போனை எடுக்காமல் இருக்கிற ஆள் இல்லை. படகைச் சுற்றி வந்தார். ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. பஞ்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பான். இவர்கள் அதையே திருப்பிப் போட்டார்கள். படகைக் கரையில் ஏற்றி, குடம் குடமாக உள்ளே தண்ணீர் ஊற்றினார்கள். மட்கார்டுக்கு மூணு மூணு போல்ட்டு, நம்பர் பிளேட்டுக்கு நாலு. பத்து இடத்திலும் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி ஒழுகியது.

கரீம் பாஷா குனிந்து நம்பர் பிளேட்டைத் தடவிப் பார்த்தார்.

"லாரிக்கு அங்கதாண்ணே அடிப்போம்" என்றார் கரீம் பாஷா.

"முப்பது வருசத்துல தண்ணிக்காகப் பூமியில எத்தன ஆயிரம் ஓட்டை போட்டிருக்கறேன் பாய். பாதிக்கு மேல வெறும் மண்ணுப் பொகைதான். நீங்க பத்து ஓட்டை போட்டீங்க, பத்துலயும் தண்ணி."

"கைராசிண்ணே" என்றார் கரீம் பாஷா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பழனியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பாய், நாளைக்கு எந்தங்கச்சி மவன் வாரான். நான் அந்தக் கரைக்குப் போயி நிக்காட்டி அவளக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். சரி பண்ணித் தாரீங்களா, இல்லீங்களா?" என்றாள்.

முறைப்படி அடைத்தால் காய நாலு நாள் ஆகும் என்றார் கரீம் பாஷா. அதுவரைக்கும் லாரி டியூபை வட்டமாக வெட்டி, போல்ட்டுக்குப் போல்ட்டு வாஷர் கொடுத்து முறுக்கினார். சட்டை கையை மடித்துவிட்டு அவரே உட்கார்ந்து முறுக்கினார். "தாங்கும் தங்கச்சி" என்றார்.

"அப்படீன்னா நாளைக்கு நீங்களும் ஏறுங்க" என்றாள் பழனியம்மாள்.

மனுஷன் நிஜமாகவே வந்துவிட்டார். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, வெள்ளைச் சட்டையும் லுங்கியுமாக, பெண்டாட்டி ரஹமத் பீவி கட்டிக் கொடுத்த டிபன் பையோடு. மூணு பேர் ஏறினார்கள். அந்தக் கரையில் யோகேஷ், தாயைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றிருந்தான்.

முக்கால் தூரம் வரை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கரீம் பாஷா மூணு தடவை, "பாத்தீங்களா" என்றார். நாலாவது தடவை சொல்லும்போது ஒரு வாஷர் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம். கரைக்கு முப்பதடி இருக்கும்போது படகு அவசரமே படாமல் கீழே போனது. கடைசியாக முழுகியது முன்னால் இருந்த 'பழனியம்மாள்' என்ற எழுத்து.

தண்ணீர் அங்கே நெஞ்சளவுதான். ஆனால் பழனியம்மாளுக்கு நீச்சல் தெரியாது. அது நெஞ்சளவுதான் என்பதும் தெரியாது. ஒரு தடவை முங்கினாள். தூக்குப்போசி மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. தீர்த்தகிரி ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்க, இருமிக்கொண்டே கரையேறினாள். சேலையில் பாசி, காலில் சேறு.

யோகேஷ் ஓடிவந்து கைகொடுத்தான். "பெரியம்மா, இதுதானா வழி?" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை, பயந்துபோயிருந்தான். பழனியம்மாளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்துபோயிற்று. நேராகப் போய்த் தங்கை முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, போசியைத் திறந்து, சோற்றைப் பிசைந்தாள். விரலெல்லாம் குளிரில் மரத்துப்போயிருந்தது. முதல் கவளம் கந்தம்மாளின் மடியில் விழுந்தது.

கந்தம்மாள் வாயைத் திறக்கவில்லை. நல்ல கையால் அக்காவின் முடியிலிருந்த பாசியை எடுத்துப் போட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"யோகேசு."

"சொல்லும்மா. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

"எனக்குச் சோறு போட அவ தண்ணியில முங்கி வரோணும். அவ ஊட்டுல போயித் திங்க நான் வெக்கத்த உட்டாப் போதும். எதுடா சுளுவு?"

யோகேஷ் புரியாமல் பார்த்தான். பழனியம்மாள் கை சோற்றோடு அப்படியே நின்றது.

"என்னைய அக்கா ஊட்டுல கொண்டுபோயி உடு சாமி. நாலு பேரு பேசட்டும். இவ முங்குறப்ப ஒருத்தனும் வல்லியே."

தீர்த்தகிரி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்தார். "வா கந்தா. உன்ற ஊடுதான் அது. இந்தா, தண்ணிய எறைச்சுட்டுப் போட்டக் கெளப்பறேன்."

"வாரனுங்க மாமா. அதுல வரமாட்டேன்" என்றாள் கந்தம்மாள்.

யோகேஷின் காரிலேயே ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வந்தாள். கரீம் பாஷாவும் அதிலேயே சொட்டச் சொட்ட உட்கார்ந்து வந்தார். அடுத்த வாரம் கிரேன் வைத்துப் படகை எடுத்து, பத்து ஓட்டையையும் முறைப்படி அடைத்து, காயவைத்து, திரும்ப விட்டுப் பார்த்தார்கள். இப்போது ஒரு சொட்டு இறங்குவதில்லை. அந்தக் கரைக்குப் போகத்தான் யாருக்கும் சோலி இல்லை.

முதல் ரெண்டு நாள் கந்தம்மாள் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து, போட்டதைத் தின்றாள். நல்லாருக்குதுக்கா, போதும்க்கா, அவ்வளவுதான் பேச்சு. பழனியம்மாளுக்கு உள்ளூரப் பயம். மூணாம் நாள் ஓசூருக்கே போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று. மூணாம் நாள் மத்தியானம் கந்தம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா கீரை கடைஞ்சிருக்கற? உப்புமில்ல, ஒரப்புமில்ல. நாளையிலிருந்து அடுப்புக்கிட்ட என்னைய நாக்காலி போட்டு உக்காரவெய்யி, நான் சொல்றாப்புல செய்யி."

"சரி சாமி" என்று சொல்லிவிட்டுப் பழனியம்மாள் உப்பு எடுக்க உள்ளே போனாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுப்படியிலேயே நின்று அழுதாள். "உப்பு எடுக்கப் போனியா, காய்ச்சப் போனியா?" என்று வெளியே கந்தம்மாள் சத்தம் போட்டாள்.