டப்பாச் சத்தம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் வலிக்கும், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீன் பண்ணையில் ஒருத்தி தீனி போடும் வேலை பார்த்தாள். ஆற்றில் அநேகமாக அற்றுப்போன ஒரு மீன் இனத்தைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, மறுபடி ஆற்றிலேயே விடுகிற பண்ணை அது. இந்தத் தடவை விடுகிற மீன்களும் பிழைக்காவிட்டால் பண்ணைக்கே பூட்டு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

தீனி போடுமுன் தகர டப்பாவைக் கரண்டியால் 'டங் டங்' என்று தட்டுவாள். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடி வரும். அதில் அவளுக்கு அப்படியொரு பூரிப்பு.

"தட்டாதம்மா," என்று பண்ணை அதிகாரி தலையில் அடித்துக்கொள்வாள். "ஆத்துல யாரு இதுங்களைக் கூப்பிட்டு ஊட்டப் போறா? சத்தம் கேட்டா பயந்து ஓடணும். அப்பதான் பொழைக்கும்."

"சரிங்க மேடம்."

மேடம் தலை மறைந்ததும் டங் டங்.

மதியச் சாப்பாடு கொண்டுவரும் கொழுந்தன் இதைப் பார்த்துச் சிரிப்பான். "எங்கண்ணன்கூட நீங்க கூப்பிட்டா இவ்ளோ வேகமா வர்றதில்லையே, அண்ணி!"

"அவருக்கும் ஒரு டப்பா வாங்கணும், போ."

மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் குட்டி ரேடியோக் கருவி வைத்துத் தைத்து ஆற்றில் விட்டார்கள். கரையில் ஏரியலை நீட்டினால் 'பீப் பீப்' கேட்கும். கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஒரு காலை ஆறு ஊமையாகிவிட்டது. அதிகாரி ஏரியலைத் தெருப் பக்கம் திருப்பினாள். பீப் கேட்டது. தீனி போடுகிறவளையும் கூட்டிக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே நடந்தாள். நடக்க நடக்கச் சத்தம் கூடி, அந்தத் தீனிக்காரி வீட்டுக் கொல்லைக் குப்பைத் தொட்டியிடம் போய் அலறியது. மூடியைத் திறந்தால் மீன்குடல். குடலோடு குடலாகக் கருவிகள்.

கொழுந்தன் பல் குத்திக்கொண்டே வந்தான். "ஆத்துல விட்டாச்சுன்னா அப்புறம் அது யாரோட மீன்? வலைகூட போடல அண்ணி. உங்க மாதிரியே தட்டினேன். என் காலைச் சுத்தி வந்து நின்னுதுங்க. கூடையில அள்ளிக்கிட்டேன்."

அவள் அவனை முறைத்தாள்.

"என்ன அப்படி முறைக்கிறீங்க? நேத்து பொரிச்சுக் குடுத்தப்ப, இவ்ளோ ருசியா மீன் சாப்பிட்டதே இல்லேன்னு இன்னொரு துண்டு கேட்டது நீங்கதானே?"

பண்ணையை மூடினார்கள். தொட்டிகளைக் கழுவிக் கவிழ்க்கிற வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். கழுவும்போது வாளி ஒரு தொட்டியில் இடித்து 'டங்' என்றது. சட்டென்று தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

போய் வாருங்கள், என் செல்வங்களே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் குரலை நம்பி ஓடினாலும், அந்தக் குரலுக்குப் பின்னால் நல்ல கையே இருக்கட்டும்.