மைக் பிடித்த விமலேஸ்வரி

கிளிநொச்சிப் பக்கத்துக் கலியாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் யோகலிங்கம். சந்தை நாட்களில் கடைகளின் விளம்பரத்தையும் அவரே வாசிப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மனைவி விமலேஸ்வரி மைக்கைப் பிடித்தாள்.

விளம்பரங்கள் முடிந்தும் சனம் கலையவில்லை. பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து வாசித்தாள். புதிதாகக் காணி கொடுத்துக் குடியேற்றிய கிராமங்கள் எங்கும் பொதுக்கிணறு வெட்டியாயிற்று என்று கிராமசபைத் தலைவர் சிற்றம்பலம் அதில் சொல்லியிருந்தார்.

"கேட்டீங்களே? அந்தக் கிணறு எங்க இருக்கெண்டு ஆராவது கண்டால் எனக்கும் சொல்லுங்கோ. நான் இண்டைக்கும் குளத்துத் தண்ணிதான் அள்ளினனான்."

சந்தையே சிரித்தது. அதன் பிறகு மைக்கை யாரும் அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை. வாராவாரம் பேப்பரை வாசித்துத் தன் மனதில் பட்டதைச் சொன்னாள். அரிசி விலை, சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் என்று கொழும்பு அரசையும் விடவில்லை. தேர்தலுக்கு மட்டும் வந்துபோகும் யாழ்ப்பாணத்துத் தலைவர்களையும் விடவில்லை. தொலைவிலுள்ள செட்டிகுளத்திலிருந்துகூட பஸ் பிடித்து வந்து கேட்டார்கள்.

சிற்றம்பலம் யோகலிங்கத்திடம் வந்தார்.

"இனி என்ர கூட்டமெல்லாத்துக்கும் உம்மட ஸ்பீக்கர் செட்தான். ஆனால் மனிசியைக் கொஞ்சம் அடக்கி வையும்."

"அதை அவாவிட்டையே சொல்லுங்கோ ஐயா," என்றார் யோகலிங்கம்.

விமலேஸ்வரி கதவடியில் நின்றாள். "செட்டைத் தாறம். வாயைத் தரமாட்டன்."

வேறு செட் கிடைக்காததால் சிற்றம்பலத்தின் அடுத்த கூட்டத்துக்கு அதுவே போனது. சிற்றம்பலம் பேசத் தொடங்கியதும் பின்னால் இருந்து குரல் எழுந்தது: "விமலேஸ்வரி அக்காவைப் பேச விடுங்கோ!" ஒரு குரல் நூறானது. அவள் மேடை ஏறினாள். 

"ஐயா, ஒரே கேள்விதான். கிணறு எங்க?"

சிற்றம்பலம் சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.  கடைசியில் மைக்கில் சொன்னார்: "வெட்டேல்லைத்தான். மாரிக்கு முந்தி வெட்டித் தாறன்."

வெட்டினார். முதல் வாளியை அள்ளச் சொல்லிப் பெண்கள் விமலேஸ்வரியைத்தான் முன்னே தள்ளினார்கள்.

இரண்டு வருடம் கழித்து வானொலியில் பேச அவளுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அவள் பேசிய அன்று யோகலிங்கம் வானொலிப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்து மைக்குக்கு முன்னால் வைத்தார். மந்திரி ஒருவரின் பெயரைச் சொல்லி அவள் கேள்வி கேட்டபோது மீன் விற்றவர்களும் துணி விற்றவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளுக்குக் கேட்காது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தட்டினார்கள்.