பத்து மூட்டை மண்

முன் அச்சு ஒரு பழைய ராணுவ ஜீப்பினுடையது. ஏலத்தில் வந்து திருச்சியில் ஒரு காயலான் கடையில் கிடந்தது. 2006 சித்திரையில் அதை வாங்கி வந்து அமீனுதீன் பாயின் பட்டறையில் இறக்கினேன். பட்டறை விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகளுக்குத் திரும்பும் முக்கில் இருக்கிறது. பாய் பதினான்கு வருடம் சவூதியில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர்.

அச்சைச் சுற்றி வந்து காலால் தட்டிப் பார்த்தார்.

“பின்னாடி ரெண்டு வீலு இழுக்குற பிக்கப்ப நாலும் இழுக்குற மாதிரி மாத்தணும். அதானே? அதுக்கு வேற வண்டியே வாங்கிடலாமே தம்பி.”

“இந்த வண்டிதான் பாய்.”

“பிரேக் இன்ஸ்பெக்டரு குனிஞ்சு பாத்தா என்னா சொல்லுவீங்க?”

“அவர் குனியறது இல்ல.”

“அதுஞ்சரி. அந்தத் தொப்பைக்கு எங்க குனியறது?” சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எந்த வண்டி என்று அவருக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

என் மனைவி கயல்விழி அதற்கு முந்தைய ஐப்பசியில் இறந்தாள். தாய் வீட்டில் இருந்தவளை அழைத்து வரப் போயிருந்தேன். வழியில், நான் மண் சப்ளை செய்யும் பீங்கான் கம்பெனிக்காக இருபது மூட்டை களிமண் ஏற்றியிருந்தேன். அந்த ஊர் வேப்பூர் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கரிசல் பாதை, நடுவில் ஒரு ஓடை. கொல்லையில் விறகு எடுக்கப் போனவளை நல்ல பாம்பு கடித்தது. வண்டியில் உட்காரவைத்துக் கிளம்பினோம். ஓடையருகே பின்சக்கரங்கள் புதைந்தன. மூட்டைகளை இறக்கச் சொன்னார் என் மாமியார் பெரியம்மாள். நான் பத்து நிமிடம் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். பிறகு இறக்கினோம். இருபதையும். மாமியாரும் தூக்கினார். சக்கரங்கள் முன்பைவிட வேகமாகச் சுற்றின. வண்டி நகரவில்லை. டிராக்டர் வந்து இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு மூச்சு இல்லை.

“மொதல்லயே எறக்குங்க மாப்ளன்னு சொன்னேன். பத்து நிமிஷத்த வீணாக்கிட்டாரு.” துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னார். என் எதிரிலும் சொன்னார். நான் மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போது கயல்விழியின் தங்கை அன்புக்கரசி முழுகாமல் இருந்தாள். இந்த ஐப்பசியில் பிரசவம். மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில்தான் இருப்பாள். நான் போய்க் கேட்டேன்.

“டவுன்ல என் வூடு சும்மாதான் இருக்குது அத்த. நீங்களும் அவளும் வந்து இருங்க.”

“பொம்பள இல்லாத வூட்ல புள்ளத்தாச்சியக் கொண்டாந்து வெச்சா ஊரு என்னா பேசும்? தலப்பிரசவம். தாய் வூட்லருந்துதான் போவணும்.”

அவர் மாறமாட்டார். பாதையும் மாறாது. மிச்சமிருந்தது வண்டி.

வேலைக்கு நான்கு மாதம் பிடித்தது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு கியர் பெட்டி. அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட், முன் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட். டிரைவர் சீட்டின் பக்கத்தில் ஒரு சின்ன லீவர். பின்னால் இழுத்தால் இரண்டு சக்கரம், முன்னால் தள்ளினால் நான்கு. பாய் படுத்துக்கொண்டே வேலை செய்வார். “ஒட்டகத்தப் பாருங்க. நாலு காலும் டிரைவு. ஸ்டெப்னி கூடக் கெடையாது” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்.

முன் அச்சும் பின் அச்சும் ஒரே கணக்கில் சுற்றவேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துப் பல் உடையும். ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு எண்ணச் சொன்னார். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்டைக் கையால் திருப்பினேன். தூக்கிய சக்கரம் சுற்றியது. தரையில் இருந்தது அப்படியே நின்றது.

“ரெண்டரை” என்றேன்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். “ஒண்ணு நிக்குது. அதோட பங்கும் இதுக்கே வந்துடுது. ரெண்டால பெருக்குங்க. காலேஜு படிச்சவரு நீங்க.”

“அஞ்சு.”

“ஆங். அச்சு நடுவுல இருக்குற டிப்பரன்ஷியலுக்கு ஒரே புத்திதான் தம்பி. எது லேசா இருக்குதோ அதுக்கே குடுக்கும். அமுங்கி நிக்கிறதுக்குக் குடுக்காது. சவூதில எங்க கேம்ப்புல மழ பேஞ்சா காலி பிக்கப்ப வெளிய எடுக்க வுடமாட்டானுங்க. பின் வீலுக்கு மேல பத்து மூட்ட மணலு போட்டாத்தான் கேட்டத் தொறப்பான். ஒங்க வண்டியிலதான் அன்னைக்கு லோடு...”

நிறுத்தினார்.

“இருபது மூட்டை. இறக்கிட்டோம்” என்றேன்.

“பாதியா?”

“எல்லாம்.”

பாய் ஸ்பானரைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார். டீக்கடை எதிரில்தான். வர வெகுநேரம் ஆனது.

நான் இயற்பியல் படித்தவன். அழுத்தும் எடை கூடினால் உராய்வும் கூடும் என்று மூன்று பரீட்சைகளில் எழுதியிருக்கிறேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு. முழு மதிப்பெண்.

பாய் இரண்டு டீயோடு வந்தார். “நான் மணலுக்குச் சொன்னேன் தம்பி. கரிசலு வேற.”

“ஆமாம்.”

“பத்து மூட்ட இருந்தா வந்துருக்கும்னு யாரால சொல்ல முடியும்?”

“யாராலயும் முடியாது. எங்க அத்தைகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க.”

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“தெரியவந்தாலும்.”

டீயைக் குடித்துவிட்டு முன் அச்சை எண்ணினோம். அதுவும் ஐந்துதான்.

ஐப்பசி பிறந்ததும் பின் அச்சுக்கு நேர் மேலே பத்து மூட்டை களிமண் அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். பிறகு இறக்கவே இல்லை. கம்பெனிக்குப் போகும்போதும் அது வண்டியிலேயே இருந்தது. மூன்றாவது வாரம் தொடர்ந்து மழை. ஒருநாள் மதியம் பக்கத்து வீட்டு செல்போனிலிருந்து மாமியார் கூப்பிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அன்புக்கரசி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் குடையோடு வண்டியின் பின்பக்கம் போனார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னா மாப்ள இது, மூட்ட?”

“கம்பெனி மண்ணு அத்த.”

“எறக்குங்க. மொதல்ல எறக்குங்க.”

“வேணாம். ஏறுங்க.”

“அன்னைக்கும் இதத்தான செஞ்சீங்க? நான் சொல்லச் சொல்ல மிதிச்சிக்கிட்டு இருந்தீங்களே. ஒரு பொண்ண முழுங்குனது பத்தலையா ஒங்க மண்ணுக்கு?” தெருவே கேட்டது. அவரே ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார்.

காரணத்தை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூட்டையை விட்டுவிடுவார். பிறகு உட்கார்ந்து யோசிப்பார், அன்று இறக்கச் சொன்னது யார் என்று.

“மழையில நனஞ்சா மண்ணு வீணாப் போயிடும் அத்த. எறக்க முடியாது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

“யம்மா, சண்டைய அப்புறம் போடும்மா. எனக்கு இடுப்பு வுட்டுப் போவுது” என்றாள் அன்புக்கரசி. “மாமா, நீங்க வண்டிய எடுங்க.”

இருவரும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். ஓடைக்கு முன்பே லீவரை முன்னால் தள்ளினேன். ஸ்டியரிங் கனத்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கொளஞ்சியப்பர் சாமியைக் கூப்பிட்டார். வண்டி நிற்கவில்லை. சேற்றை அறுத்துக்கொண்டு அக்கரை ஏறியது. சாலைக்கு வந்ததும் அன்புக்கரசி, “அவ்ளோதானா?” என்று கேட்டாள்.

மாலை ஆறு மணிக்குப் பெண் குழந்தை. தாயும் நலம்.

மறுநாள் காலை வீட்டைப் பார்த்துவிட்டு, பழைய புடவைகளை எடுத்து வரச் சொன்னார் மாமியார். போனேன். மழை விடவில்லை. ஓடைக்கு முன் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சேற்றில் நடந்து பார்த்தேன். பின்னால் பத்து மூட்டையும் இருந்தது. பாதை போன வருடத்துப் பாதைதான். லீவரைப் பின்னால் இழுத்து இரண்டு சக்கரத்தில் போட்டேன்.

இரண்டாம் கியரில் மெதுவாக இறக்கினேன். வண்டியின் பின்புறம் இடமும் வலமும் ஆடியது. ஓரிடத்தில் நின்றுவிடும் போலிருந்தது. நிற்கவில்லை. அக்கரை மேட்டில் ஏறி இன்ஜினை அணைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம்.

சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு போய்ப் புடவைகளை எடுத்தேன். கோழிகளுக்கு நொய் போட்டேன். திரும்பும்போது லீவரை நான்கில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மாமியார் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“வண்டி மாட்டலையே?”

“மாட்டல அத்த.”

“நேத்து மூட்டையோடயே வந்துடுச்சே மாப்ள. எப்பிடி?”

“இப்ப நாலு சக்கரமும் இழுக்குது.”

“அன்னைக்கு?”

“ரெண்டுதான்.”

குழந்தை அசைந்தது. அவர் துணியைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அப்ப, அன்னைக்கு நான் சொன்னதும் எறக்கியிருந்தா?”

“வந்துருக்காது.”

“எறக்காமலே வுட்டிருந்தா?”

நான் எதிர்பார்க்காத கேள்வி. தயங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“அப்பவும் வராது. எறக்குனாலும் வராது, எறக்காட்டியும் வராது. ரெண்டுல வராது அத்த.”

அவர் நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் முழங்காலுக்குக் கீழே காய்ந்திருந்த கரிசல் மண்ணையும் பார்த்தார்.

“சாப்டிங்களா மாப்ள?” என்றார்.