நாலு முழத்துச் சிமிழ்

மழை விட்ட சனிக்கிழமை காலையில், சாக்கடலுக்கு மேலே குகைச் சரிவில் எல்கானா பொத்தென்று உட்கார்ந்தான். கால் பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவன் காட்டிய இடத்தில், மழை அரித்த மண்ணில், சுண்டுவிரல் நகமளவில் கறுப்பாக ஒரு தோல் சிமிழ் கிடந்தது. வேதவரிகள் எழுதிய தோல் நறுக்கை உள்ளே மடித்து வைத்து, இன்றும் எங்கள் யூத ஆண்கள் தொழும்போது நெற்றியில் கட்டிக்கொள்கிறார்கள். இதுவோ ஈராயிரம் வருஷத்துப் பழசு. தையல்கூடப் பிரியவில்லை.

கல்லூரி நாளிலிருந்து அவன் தேடியது இதைத்தான். இங்கே குடியிருந்தவர்கள் எந்த வரிகளை நெற்றியில் சுமந்தார்கள் என்று பார்க்காமல் சாக மாட்டேன் என்பான். கிடைத்ததோ சனிக்கிழமை, எங்கள் ஓய்வுநாளில். அவன் பக்திமான். ஓய்வுநாளில் வெட்டவெளியில் எதையும் நாலு முழத்துக்கு மேல் தூக்கிப்போகக் கூடாது.

மலைப்பக்கம் மறுபடி இடித்தது. வெள்ளம் வந்தால் இந்தச் சரிவே கரைந்துவிடும். எங்கள் அகழாய்வுக் குழுவின் கூடாரங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"நான் தூக்கிட்டுப் போறேன். எனக்கு ஏது ஓய்வுநாள்? சட்டம் விலக்கின இறாலையே போன வாரம் தின்னேன்."

"எனக்காக நீ சட்டத்தை மீறினா, அதுக்குள்ள எழுதியிருக்கறதை நான் பார்க்க மாட்டேன் மிக்கால். அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

எங்களில் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாத, யூதரல்லாதவன் ஓட்டுநர் அயாத் ஒருவன்தான். அவனும் எரிகோவுக்குப் போயிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசாம நெத்தியில கட்டிக்கிட்டு நட. கட்டிக்கிட்டா உடுப்புதானே, சுமை இல்லையே?"

"வார் எங்கே இருக்கு? வேர்வை பட்டாலே போயிடும்." சிரித்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "வழி இருக்கு. ஆபத்துன்னா கைக்குக் கை மாத்தலாம். யாரும் நாலு முழம் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்."

கூடாரங்களில் குறட்டை விட்டவர்களை எல்லாம் கிளப்பி வந்தேன். என் தொப்பிக்குள் பஞ்சு பரப்பி, எல்கானாவே சிமிழை எடுத்து வைத்தான். கொடுத்தவர் முன்னால் ஓடி வரிசைக் கடைசியில் நிற்க வேண்டும். தொப்பி இப்படியே சரிவிறங்கியது.

"இதை யாராவது பாத்தா நம்மளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேத்துடுவாங்க," என்று முனகிக்கொண்டே கை நீட்டினாள் வரைபடம் போடும் யேமிமா.

ஓடையின் நடுவில் தொப்பி மீண்டும் என் கைக்கு வந்தது. அடுத்து வாங்க வேண்டிய யேமிமா சேற்றில் கால் புதைந்து எட்டாத தூரத்தில் நின்றுவிட்டாள். அப்போதுதான் வளைவில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. வெள்ளம். நான் எல்கானாவின் வாயைத்தான் பார்த்தேன்.

"ஓடு மிக்கால்! தொப்பியோட ஓடு!"

ஓடினேன். யேமிமாவையும் இழுத்துக்கொண்டு கரையேறினேன். திரும்பிப் பார்த்தபோது ஓடை இருந்த இடமெல்லாம் பழுப்புத் தண்ணீர்.

"உயிருக்காக ஓடலாம்ல? சட்டத்துல இடம் இருக்கே," என்றேன், எனக்கு முன்பே கரையேறியிருந்த எல்கானாவிடம்.

"உன் உயிருக்கு இருக்கு. தொப்பிக்கு இல்லை. நான் கத்தினது தொப்பிக்காக."

என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எருசலேம் ஆய்வுக்கூடத்தில் சிமிழைத் திறந்த நாளில், அவன் கதவு வரை வந்து நின்றுகொண்டான்.

"சட்டம் சொல்ற ரபீமார்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். தாராளமா பாக்கலாம்னாங்க."

"அப்புறம் என்ன?"

"அவங்க யாரும் நான் கத்தினதைக் கேக்கலையே."

நான் மட்டும் உள்ளே போனேன். நறுக்கு மெல்ல மெல்ல விரிய, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாங்கள் எதிர்பார்த்த வரிகள் அல்ல அவை. இரண்டு தடவை படித்துவிட்டு வெளியே ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாதே," என்றான். "அப்படியே நில்லு. கொஞ்ச நேரம் உன் மூஞ்சியைப் பாத்துக்கறேன்."

நின்றேன். முகத்தை மறைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.