ஏழில் முடியும் எண்கள்

தண்ணீர் சேமிப்பு வாரத்தின் தொடக்க விழாவில் துணைவேந்தர் தலையில் தண்ணீரைக் கொட்டிய ஆள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு குறி பார்த்து விழுந்திருக்காது.

பல்கலைக்கழகத்தில் நான் பம்ப் ஆபரேட்டர். மோட்டாரைப் போட வேண்டும், மாடித் தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே இரண்டு வேலை. அதில் இரண்டாவதை அன்றைக்கு மறந்துவிட்டேன். காரணம் ஆர்வம்தான். சுற்றுச்சூழல் துறைக் கட்டடத்தின் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாத எதை இவர்கள் சொல்லிவிடப்போகிறார்கள், பார்த்துவிடலாம் என்று அந்தக் கட்டடத்து வாசலில் நடந்த கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்றேன். துணைவேந்தர் மைக்கைப் பிடித்து, "ஒவ்வொரு துளியும்..." என்று ஆரம்பித்தார். முதலில் துளிகள்தான் வந்தன. அப்புறம் வந்ததைத் துளி என்று சொல்ல முடியாது.

ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்தவர்கள் அதை ஓட்டம் என்று சொல்லமாட்டார்கள். என் முட்டிகள் இரண்டும் பல வருடமாகப் பேச்சுவார்த்தையில் இல்லை.

மறுநாள் மெமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பராமரிப்பு இன்ஜினியர் மட்டும் வந்தார். வந்து, சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, பம்ப் ரூம் வாசலில் நான் வழுக்கி விழுந்தபோது.

"பரவால்லய்யா. மனுஷன்னா மறதி இருக்கத்தானே செய்யும்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். துணைவேந்தர் நனைந்ததற்கு ஓநாய் சிரித்தால் என்ன அர்த்தம்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அந்தச் சுற்றுச்சூழல் துறை மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். ஆறு வருடம் முன்பு அது கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு பேராசிரியர், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத ஒரு தொட்டிச் செடி. இப்போது மூன்று மாடி. விண்ணப்பம் வாங்கும் நாளில் வரிசை என் பம்ப் ரூமை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகிறது. உலகத்தின் மேல் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் அன்பு பொங்குமா என்ன? பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்ற அறிவிப்பு மழையில் நனையக் கூடாதென்று அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினார்கள். காகிதத்தைச் சேமிப்போம் என்று கதவுக்கு ஒரு காகிதம்.

இந்த வருட வரிசையில் நின்ற ஓர் அப்பா, நிழலுக்காக என் வாசலில் ஒதுங்கினார்.

"சார், இதுல சேந்தா என்ன வேலை கிடைக்கும்?"

"என்னைக் கேட்டா? நான் மோட்டார் போடறவன் சார்."

"இல்ல, இனிமே எல்லாக் கம்பெனிலயும் இதுக்குன்னு ஒரு ஆள் வைக்கணுமாமே?"

"அந்த ஆள் அங்க உக்காந்து என்ன செய்வாரு?"

"அது தெரியல சார். ஆனா வைக்கணுமாம்."

அவரும் என்னை மாதிரிதான் என்று தோன்றியது. ஒரே வித்தியாசம், அவர் பிள்ளை இனிமேல்தான் சேர வேண்டும். என் மகள் ஏற்கெனவே அங்கே மூன்றாவது வருடம். இதை இத்தனை நேரம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்.

வீட்டில் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர். ஃப்ரிட்ஜ் கதவை யார் திறந்து வைத்தது என்று ஐந்து வயதிலேயே விசாரணை நடத்தியவள். வணிகவியலில் இடம் கிடைத்தும் இதற்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "பிடிச்சிருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான் பதில். கடைசி வருடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம்.

"எதைப் பத்திம்மா?"

"தண்ணியைப் பத்தி."

"எந்தத் தண்ணி?"

"பொதுவா, தண்ணி."

பொதுவான தண்ணீர் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. தண்ணீர் என்றால் ஏதாவது ஒரு குழாயில்தான் வரும்.

விழா முடிந்த மறுவாரம் பம்ப் ரூமுக்கு நோட்டும் கையுமாக ஒரு பெண் வந்தாள். முகத்தில் பாதி கண்ணாடி. அதனால் அவளுக்கு நான் வைத்த பெயரும் கண்ணாடிதான்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க மேலேர்ந்து ஊத்தினீங்க இல்ல..."

"நான் ஊத்தலம்மா. அது வழிஞ்சுது."

"சரி, வழிஞ்சுது. அப்புறம்தான் எங்க சார் சொன்னாரு, ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி நம்ம தண்ணி எங்க போகுதுன்னு பாப்போம்னு. உங்க ரிஜிஸ்டர் எல்லாம் வேணும். இன்ஜினியர் சார் பர்மிஷன் குடுத்துட்டாரு."

சிரிப்புக்கு அர்த்தம் லேசாகப் புரிய ஆரம்பித்தது.

"மீட்டர் எங்க அங்கிள் இருக்கு?"

"கீழ. குழிக்குள்ள. மூடியத் தூக்கிட்டு ஏணியில இறங்கணும்."

"தினமும் எத்தனை தடவை இறங்குவீங்க?"

"ரிஜிஸ்டர்ல எத்தனை தடவை போட்டிருக்கோ, அத்தனை தடவை."

இப்போது அந்த ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரிய தொட்டியிலிருந்து விடுதிகளுக்குப் போகிற குழாயில் ஒரு மீட்டர் உண்டு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைப் படித்து எழுத வேண்டும் என்பது விதி. குழியின் இரும்பு மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த ரூமில் இருப்பது ஒரே ஆள். ஏணியில் பதினாலு படி, மூன்றாவது படி கிடையாது. எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் சாவிக் கொத்தைக் கொடுக்கும்போதே வழியையும் சொல்லிக் கொடுத்தார்: "திங்கக்கிழமை யாரையாவது கூப்பிட்டு மூடியத் தூக்கி ஒரு தடவை இறங்கு. மீதியப் பங்கு போட்டு எழுதிக்கோ. பூஜ்யத்துல முடிக்காத, சோம்பேறின்னு தெரிஞ்சிடும். அஞ்சுல முடிச்சா பாதிச் சோம்பேறி. ஏழு போடு. ஏழைப் பாத்து எவனும் சந்தேகப்படமாட்டான்."

பத்தொன்பது வருடம் ஏழு போட்டேன். மாலை எண்ணோடு பத்தைக் கூட்டி மறுநாள் காலைக்கு எழுதிவிடுவேன். பத்தைக் கூட்டினால் மறுபடியும் ஏழிலேயே முடியும், அது ஒரு சௌகரியம். ராத்திரியில் எவன் துணி துவைக்கப்போகிறான், பத்து போதாதா? வாரக் கணக்கில் மிச்சம் வந்ததையெல்லாம் பகல் எண்களில் கரைத்துவிடுவேன். மாதக் கடைசியில் இன்ஜினியர் பக்கத்தைப் புரட்டாமலே கீழே கையெழுத்துப் போடுவார். அவர் சோம்பலும் என் சோம்பலும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்.

ரிஜிஸ்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம், நான்கு பிள்ளைகள் வந்து மூடியைத் தூக்கி, மீட்டரில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். அது தானாகவே எண்களைப் பதிந்துகொள்ளுமாம். முட்டி இல்லாத ஆபரேட்டர்! மூடியைத் திரும்பப் போட வேண்டாம், பலகை போதும் என்று நானே சொல்லிவிட்டேன். ஏனென்றால் மறுநாளிலிருந்து நானும் நிஜமாகவே இறங்க ஆரம்பித்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் வாங்குகிற ஜாதி நான்.

மாலை ஆறு மணிக்கு இறங்கிப் படித்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்கிப் படித்தேன். வித்தியாசம் பத்து வரவில்லை, தொண்ணூற்று நான்கு வந்தது. ஓர் எண் என்றால் ஆயிரம் லிட்டர். கண் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள், தொண்ணூற்றாறு. அதற்கடுத்த நாள், தொண்ணூற்று மூன்று. எல்லோரும் தூங்கும்போது தொண்ணூறாயிரம் லிட்டருக்கு மேல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று சொல்ல வேண்டிய புத்தகத்தில் என் கையெழுத்தில் அழகழகாக ஏழுகள் இருந்தன.

பெட்டி பொருத்த வந்த கூட்டத்தில் என் மகள் மட்டும் வரவில்லை. அதையும் கவனித்தேன்.

அன்று வீட்டில் அவள் மேசை மேல் கட்டுக் கட்டாக ஜெராக்ஸ். தூரத்திலிருந்தே தெரிந்தது, என் கையெழுத்து. நான் கிட்டே போனதும் அவள் ஒரு நோட்டை எடுத்து மேலே வைத்தாள். நான் போகாத மாதிரி போனேன், அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள். வெள்ளிக்கிழமை துணைவேந்தர் முன்னால் அவள்தான் ப்ராஜெக்ட்டைப் பேசப் போகிறாளாம். இதுவும் கண்ணாடி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு பயம் வந்தது. ஒன்று, என்னைப் பற்றி எழுதுகிறாளோ? எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிறது. குடியிருப்பது வேலையோடு வந்த வீடு. வேலை போனால் பெட்டி படுக்கையோடுதான் போகும். இரண்டாவது, என்னைப் பற்றி எழுதாமல், என் ஏழுகளை நம்பி வரைபடம் போட்டுவிட்டாளோ? அந்த வரைபடத்தோடு மேடையேறி நின்றால் பெட்டியின் எண்களைக் காட்டி யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். அப்பா தண்ணீரைக் கொட்டிய அதே மேடையில் மகள் முழி பிதுங்கி நிற்பாள்.

வியாழக்கிழமை காலை இன்ஜினியரைக் கேட்டேன், "சார், நாளைக்கு நம்ம ரிஜிஸ்டரைப் பத்தி ஏதாவது பேச்சு வருமா?"

"நம்ம ரிஜிஸ்டரா? உங்க ரிஜிஸ்டர்யா அது. எழுதினது நீங்க. எனக்கு என்ன தெரியும்?" மறுபடியும் அதே சிரிப்பு. மூன்றாவது தடவை.

பேராசிரியரைக் கேட்டேன். "நீங்க எங்களுக்குப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதில் பதில் எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் தேடினேன்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அவகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள்.

"கேட்டா மழுப்பறா."

"யார்கிட்ட கத்துக்கிட்டா? முதல்ல நீங்க நேராச் சொல்லுங்க, அப்புறம் அவ சொல்லுவா. பத்தொன்பது வருஷமா தினமும் குழியில இறங்கி மீட்டர் படிச்சேன்னு என்கிட்டயே சொல்லி, தைலம் தேய்ச்சு விடச் சொன்ன ஆளு நீங்க."

தைலத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு, எப்போதும் போல என்னோடு வீட்டுக்கு நடப்பதற்காக மகள் பம்ப் ரூமுக்கு வந்தாள். "டார்ச்சைப் பிடி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பலகையை நகர்த்திக் குழியில் இறங்கினேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கு எனக்குத் தைரியம் கிடையாது. பதினாலு அடி ஆழத்தில் கொஞ்சம் உண்டு.

"மூணாவது படி இல்லப்பா, பாத்து."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் டார்ச்சை இல்லாத அந்தப் படிப் பக்கம் திருப்பினாள். நான் அடியில் போய் நின்று, மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"மேனேஜர், ஒண்ணு சொல்லணும். ரிஜிஸ்டர்ல இருக்கிறது எல்லாம் இந்த மீட்டர்ல இருந்ததில்ல. வாரத்துக்கு ஒரு தடவைதான் இறங்குவேன். மீதி எல்லாம் நானாப் போட்டது. நாளைக்கு அதை நம்பிப் பேசாதம்மா. மாட்டிப்ப."

டார்ச் வெளிச்சம் மீட்டரிலிருந்து நகர்ந்து சுவரில் நின்றது.

"ஏழு ஜாஸ்தி போட்டுட்டீங்கப்பா."

"தெரியுமா?"

"பாதிக்கு மேல ஏழுலதான் முடியுது. நிஜ மீட்டர்னா பத்துல ஒண்ணுதான் அப்படி வரும். சார் போர்டுல போட்டுக் காமிச்சாரு. கிளாஸே சிரிச்சுது."

"நீயும் சிரிச்சியா?"

"முதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் கையெழுத்தைப் பாத்தேன்."

எனக்கு மீட்டரில் துடைக்க வேறு இடம் இல்லை.

"நாளைக்கு என்ன சொல்லப்போற?"

"ரெண்டாவது ஹாஸ்டலுக்குப் போற குழாய் மண்ணுக்குள்ள உடைஞ்சிருக்குன்னு சொல்வேன். தோண்டிப் பாத்தா தெரியும்."

"அது குழாயைப் பத்தி. என்னைப் பத்தி?"

"மேல வாங்கப்பா. முட்டி வலிக்கப்போகுது."

"வலிக்கட்டும். இன்ஜினியர் சிரிக்கிறாரு, உங்க சார் கை குடுக்கறாரு, நீ நோட்டை வச்சு மூடற. ஒருத்தராவது நேராச் சொல்லுங்க. எழுதியிருக்கியா, இல்லையா?"

அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். செருப்புக் கால்கள் இரண்டும் என் தலைக்கு மேல் தொங்கின. டார்ச்சை அணைத்துவிட்டாள். அவள் குரல் மட்டும், கொஞ்சம் உடைந்து, ஆனால் நிற்காமல் இறங்கி வந்தது.

"எழுதியிருக்கேன்ப்பா. பத்தொன்பது வருஷ ரிஜிஸ்டரும் மீட்டரைப் படிக்காம எழுதினது, அதனாலதான் அந்த உடைசல் யார் கண்ணுலயும் படலைன்னு எழுதியிருக்கேன். இன்ஜினியர் பாக்காம கையெழுத்துப் போட்டதையும், மூணாவது படி இல்லாததையும் எழுதியிருக்கேன். உங்க பேரைப் போடல. ஆனா இந்த ரூம்ல உங்களை விட்டா வேற யாருப்பா இருக்கா?"