கடைச்சரக்கு

கிழக்கு வெளுத்துச் செவ்வொளி பரவத் தொடங்கிய வேளையில், ஆற்றங்கரை மணல்வெளியெங்கும் முந்தைய நாள் அலசி விரித்த துணிகள், காற்றுப் புகுந்து புடைத்தெழுவதும் மீண்டும் மணலில் படிவதுமாய் நீள நீளமாகக் கிடந்தன. கரைக்கு மேலே, ஒன்றன்மீது ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கி நின்ற ஓட்டு வீடுகளின் சாளரங்கள் ஒவ்வொன்றாய்த் திறக்க, சாயம் காய்ச்சும் கொப்பரைகளினின்று எழுந்த ஆவி தெருவை மூடி, காறை பெயர்ந்த சுவர்களையும், நீலமும் சிவப்பும் கலந்தோடிய சாக்கடையையும் ஒருங்கே மறைத்து நின்றது. எத்துணை அழகு என்று உருகிவிடாதீர், கற்றறிந்த பெருமக்களே! சற்றைக்கெல்லாம் ஆவி விலகிவிடும், நாற்றம் நிற்கும். இத்தெருவினின்று நகரத்துக்குப் போன துணிகளைத் தொட்டுத் தடவிக் கண்கலங்கியோர் பலர். இத்தெருவில் மூக்கைப் பொத்தாமல் நடந்தவர் அவருள் ஒருவரும் இலர்.

இத்தெருவின் கடைசி வீட்டில், அச்சுக்கட்டையால் துணியில் பூவடிக்கும் ஒருவர் வாழ்ந்து வந்தார். பெற்றோர் இட்ட பெயரை மனைவியே மறந்துவிட, ஊரார் அவரை நேர்கையர் என்றே அழைத்தனர். பூவும் கொடியும் செதுக்கிய கட்டையைச் சாயம் ஊறிய மெத்தையில் ஒற்றி, துணிமேல் நிறுத்தி, உள்ளங்கையின் அடிப்புறத்தால் ஓங்கி ஓர் அடி அடித்து அவர் எடுப்பாராயின், முன்னடித்த கொடியின் நுனி பின்னடித்த கொடியோடு கூடும் இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் காண முடியாது. கை எவ்வளவு நேரோ, வாய் அவ்வளவு கோணல். அண்டைவீட்டுக்காரர் அடித்த துணியைக் கண்டால், "இது கையால அடிச்சதா, காலால அடிச்சதா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். ஆலைப் பொறிகள் அடித்துத் தள்ளும் துணியையோ அவர் துணி என்று ஒப்புவதே இல்லை. "அதுக்குச் சும்மா கோணியைக் கட்டிக்கலாம்" என்பார்.

அத்தகையவரிடம், நகரத்தில் அவர் துணிகளை விற்று வந்த கடைக்கார அம்மையார் ஒருநாள் மூட்டையோடு திரும்பி வந்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது ரொம்ப நேரா இருக்கு. வர்றவங்க எல்லாம் மெஷின்ல அடிச்சதுன்னு சொல்லித் தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க."

"நேரா இருக்கறது ஒரு குத்தமாம்மா?"

"அவங்களுக்குக் கை தெரியணும் ஐயா. அங்கங்க கொஞ்சம் விலகி, கொஞ்சம் வழிஞ்சு இருந்தாத்தான் மனுசன் அடிச்சதுன்னு நம்புறாங்க."

அம்மையார் படி இறங்கியதுதான் தாமதம், நேர்கையர் வானுக்கும் மண்ணுக்குமாய்க் குதித்தார். கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என்னங்க, பிசகுதானே கேக்கறாங்க? பிசகிக் கொடுத்துட்டுப் போங்களேன். நேரா அடிக்கத் தெரிஞ்ச கைக்குக் கோணலா அடிக்கத் தெரியாதா?"

நேர்கையர் பிசகத் தொடங்கினார். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் மணிக்கட்டைச் சற்றே வெளிப்புறமாய்த் திருப்புவார். பூவின் கோட்டை விட்டு நிறம் விலகி நிற்கும். கட்டையை எடுக்கும்போது சாயம் தோய்ந்த கட்டைவிரலை ஓரத்தில் ஓர் இழுப்பு இழுப்பார். துணியில் ஒரு தீற்றல் விழும். எத்தனை வெறுப்போடு செய்தாரோ அத்தனை விரைவாய் அத்துணிகள் விற்றன.

எவர் இதை வாங்குகிறார் என்று பார்க்கும் ஆவலால், தம் ஒரே மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் அக்கடைக்குப் போனார். வெள்ளைச் சுவர்களும், மங்கிய விளக்குகளும், சாடியில் செருகிய காய்ந்த சுள்ளியுமாய் இருந்த அவ்விடத்தில், இழவு வீட்டில் பேசுவதுபோல் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த மாது ஒருத்தி, ஒரு துணியின் ஓரத்தில் அந்தத் தீற்றலைக் கண்டுபிடித்து மெய்ம்மறந்து போனாள்.

"பாரேன், இங்க அவரோட விரலே இருக்கு! இந்தத் துணிக்கு உயிர் இருக்கு."

கூட வந்தவள் அத்துணியை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தந்தையும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து, வயிறு நோகும்வரை சிரித்தார்கள். அன்றுமுதல் அவ்வீட்டில் பிசகடித்த துணிக்குக் கடைச்சரக்கு என்று பெயராயிற்று. அடித்து முடித்துத் தந்தை கை கழுவும்போதெல்லாம் மகள் சொம்பில் நீர் வார்த்தபடியே, "அப்பா, இன்னைக்கு எத்தனை துணிக்கு உயிர் கொடுத்தீங்க?" என்று கேட்பாள். ஊரையே எள்ளி நகையாடிய அந்தச் சிரிப்புப்போல் அவ்விருவரையும் பிணைத்தது வேறொன்றில்லை.

ஆண்டுகள் சில கழிந்து, மகளுக்கு மணம் உறுதியாயிற்று.

"அப்பா, கல்யாணத்துக்கு நீங்க அடிச்சதைத்தான் கட்டிக்குவேன். ஆனா கடைச்சரக்கு வேண்டாம். உங்க நேர்கையால அடிச்சது வேணும்."

"உனக்குப் போய்க் கோணலா அடிப்பேனா, கண்ணு? ஊரே வாயைப் பொளந்து பாக்கும், இரு!"

கதவைச் சாத்திக்கொண்டு, நுண்ணிழை வெண்துணியொன்றை மேசைமேல் சுருக்கமறப் பரப்பி, கட்டையைக் கையில் எடுத்தார். முதற்பூ நேராய் விழுந்தது, அடுத்ததும் நேரே, கொடி தடையின்றி ஓடியது. வரிசையின் முடிவில், அவர் ஏவாமலே, மணிக்கட்டு வெளிப்புறமாய்த் திரும்பிற்று. ஐயோ! ஏறிய சாயம் ஏறியதுதான். எந்நீரில் அலசினாலும் இறங்காது. வேறொரு துணியை விரித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, கோயிற் சிலைக்குக் கண் திறப்பவர்போல் மெல்ல மெல்ல அடித்தார். இம்முறை மணிக்கட்டு அடங்கிற்று. கட்டைவிரல் ஓரத்தில் தன்பாட்டுக்கு ஓர் இழுப்பு இழுத்தது. அந்தக் கையை மேசைமேல் ஓங்கி அறைந்தார், திட்டினார், பின் அதனிடமே கெஞ்சினார். எள்ளுவதற்கு உள்ளம் வேண்டும், பெருமக்களே. கைக்கு அதெல்லாம் தெரியாது. நாளும் எதைச் செய்ததோ அதையே தன் தொழிலென்று கற்றுக்கொண்டு விட்டது.

பாழானவற்றுள் பழுது குறைந்ததை மடித்து, மணநாளுக்கு முதல்நாள் மகள் கையில் கொடுத்தார். கடைக்கார அம்மையார் கண்டிருந்தால் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். மகளோ சாளரத்து வெளிச்சத்தில் அதை விரித்தாள். எங்கே பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? விரல் நேரே வரிசையின் முடிவுக்குப் போய் நின்றது. மலர்ந்திருந்த முகம் சுண்டிப்போயிற்று.

"எனக்கும் கடைச்சரக்காப்பா?"

"என் கை போயிடுச்சும்மா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் அத்துணியையே மார்போடு அணைத்துக்கொண்டிருப்பாள். அச்சொல் அவர் தொண்டைவரை வந்ததும் உண்மை. ஆனால் முற்றத்தில், மணவிழாவுக்கு விசிப்பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார் அண்டைவீட்டுக்காரர். கையால் அடித்ததா காலால் அடித்ததா என்று நேர்கையரிடம் ஏச்சு வாங்கியவர். அவர் காதில் விழ அச்சொல்லைச் சொல்வதா? நேர்கையர் கழுத்தை நிமிர்த்தினார்.

"ஏன், ஊரே வாங்கிக் கட்டுது. உனக்கு மட்டும் ஆகாதா?"

மகள் துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மணப்பந்தலில் அவள் ஆலைத்துணி உடுத்தி வந்தாள். அவள் தம்மைக் கடந்து நடக்கும்போது, எங்கேனும் ஒரு கோணல் கிடைத்தால் அதைச் சொல்லிக் காட்டலாமே என்று நேர்கையரின் கண்கள் அத்துணியின் ஓரமெல்லாம் ஓடித் தேடின. ஒன்றும் அகப்படவில்லை. கொடியும் பூவும், அவருடைய பழைய கை அடித்தாற்போல், பிசகின்றி ஓடின.

மணமகனின் தந்தை அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, பந்தலுக்கே கேட்கும்படி கேட்டார்: "நீங்க அடிச்சதுதானே, சம்பந்தி? கோடு ஒரு மயிரிழை விலகலையே! சும்மாவா பேர் வச்சாங்க?"

சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். பொறியடித்த துணியைக் கோணியினும் கீழாய் இகழ்ந்த அப்பெருமகனார் மீண்டும் கழுத்தை நிமிர்த்தினார்.

"ஆமாம்," என்றார். "நான்தான் அடிச்சேன்."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள், மறுக்கவில்லை. கடைவாசலில் அன்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினார்களே, அதே சிரிப்பு அவள் உதட்டோரம் மெல்ல எழுந்தது. இம்முறை அதில் அவருக்குப் பங்கில்லை.